கன்சர்வேட்டிவா இருந்துகிட்டே போதைப்பொருள் சட்டத்தை தளர்த்தணும்னு சொல்ல முடியுமா?

பழையபேப்பர்

கொஞ்ச நாளா பழமைவாத அரசியல் சிந்தனையை ஒழுங்கா படிக்கணும்னு உக்காந்திருக்கேன், பர்க், ஓக்‌ஷாட், ரஸ்ஸல் கிர்க் இந்த வரிசைல. ஒரு இடத்துல நல்லா மாட்டிக்கிட்டேன். அமெரிக்கால கன்சர்வேட்டிவ்னாலே போதைப்பொருள் விஷயத்துல கறாரா இருக்கறவங்கன்னு தான் மண்டைல பதிஞ்சிருக்கு. 1971 ஜூன்ல நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டோட முதல் எதிரின்னு அறிவிச்சது, 1986ல ரீகன் கையெழுத்து போட்ட சட்டத்துல 5 கிராம் கிராக் (புகைக்கற வடிவத்துல இருக்கற கொக்கெய்ன்) விக்கப் போய் மாட்டினா குறைஞ்சது 5 வருஷம், அதே தண்டனை பவுடர் கொக்கெய்னுக்கு வரணும்னா 500 கிராம் இருக்கணும்னு வச்சது, எல்லாம் தெரிஞ்ச கதை தான்.

ஆனா அதே கூடாரத்துல இருந்து தான் வில்லியம் பக்லி 1996ல தன்னோட கன்சர்வேட்டிவ் பத்திரிகையான நேஷனல் ரிவ்யூலயே இந்தப் போர் தோத்துப் போச்சுன்னு எழுதுறாரு. பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் 1972லயே தடை வேணாம்னு எழுதிட்டாரு, 1989ல அப்ப ட்ரக் ஜாரா, அதாவது அரசாங்கத்தோட போதைப்பொருள் கொள்கைக்கு தலைவரா இருந்த பில் பென்னட்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வேற. இவங்க விதிவிலக்கா, இல்ல தத்துவத்துக்குள்ளயே அதுக்கு இடம் இருக்கா?

எந்தக் கட்சி என்ன சொல்லுதுங்கறது வேணாம். அப்புறம் தயவுசெஞ்சு "தனிமனித சுதந்திரம்"னு ஒத்த வரில முடிச்சிடாதீங்க, அது 1859ல மில் சொன்னது, அதுக்கு நான் பர்க்கை எடுத்து கண்ணு நோக படிச்சிருக்க வேண்டியதே இல்ல.

ராத்திரிவண்டி

முதல்ல ஃப்ரீட்மனை லிஸ்ட்ல இருந்து தூக்குங்க. அவர் தன்னை பழைய அர்த்தத்துல லிபரல்னு தான் சொல்லிக்குவாரு. வயசுக்கு வந்த ஒருத்தன் தன் உடம்பை கெடுத்துக்கறதை போலீஸை வச்சு தடுக்க நமக்கு உரிமை இருக்கான்னு தான் அவரோட ஆரம்பமே, அது சுத்தமான லிபர்டேரியன் வாதம், அதாவது தனிமனுஷன் விஷயத்துல அரசு தலையிடக் கூடாதுங்கறது. ரெண்டு கூட்டமும் பல வருஷம் ஒரே கட்சிக்கு ஓட்டு போட்டதால ஒண்ணா பாத்துப் பழகிட்டோம்.

பக்லி வேற கதை. 1965ல நியூயார்க் மேயர் தேர்தல்ல நின்னப்போ போதைக்கு அடிமையானவங்களை தனியா கொண்டு போய் வைக்கணும்னு பேசினவர் அவர். முப்பது வருஷம் கழிச்சு மாறினப்போ "இது அவனவன் உரிமை"ன்னு அவர் சொல்லல. போலீஸோட நேரம், கோர்ட், ஜெயில், போதைக்கு காசு வேணும்னு நடக்கற திருட்டு வழிப்பறி, இதையெல்லாம் ஒரு பக்கம் வச்சு கணக்கு பாத்துட்டு நோயை விட வைத்தியம் தான் அதிகமா கெடுக்குதுன்னாரு. அதுல அவர் புகையிலையைப் பத்தி சொன்னது எனக்கு ரொம்ப பிடிக்கும், சிகரெட்டை யாரும் சட்டவிரோதம் ஆக்கல, ஆனாலும் முப்பது வருஷத்துல புகைக்கறவங்க நல்லா குறைஞ்சாங்க, ஏன்னா ஜனங்களுக்கு அதோட கெடுதல் உறைச்சிருச்சு. அரசாங்கம் லத்தியைத் தூக்காம சமூகமே ஒரு பழக்கத்தை கேவலமா பாக்க ஆரம்பிச்சு அதை ஓரங்கட்டறது. இத விட கன்சர்வேட்டிவா ஒரு விஷயம் இருக்க முடியுமா சொல்லுங்க.

சட்டப்பிரியன்

நல்ல கேள்வி, நீளமா எழுதப் போறேன், பொறுமை இல்லாதவங்க அடுத்த பதிலுக்கு போயிடலாம்.

எல்லாரும் விட்டுடற இடம் ஒண்ணு இருக்கு. தடைச்சட்டம் தான் பழசு, சீர்திருத்தம் தான் புதுசுன்னு எடுத்துக்கிட்டு தான் இந்தப் பேச்சே ஆரம்பிக்குது. வரலாறு அப்படி இல்ல. அமெரிக்கால 1914ல வந்த ஹாரிசன் சட்டம் பேருக்கு ஒரு வரிச் சட்டம், ஓபியம் கொக்கெய்ன் விக்கறவன் பதிவு பண்ணணும் வரி கட்டணும் அவ்ளோ தான், அதை வச்சு தான் டாக்டருங்களையே மடக்க ஆரம்பிச்சாங்க. மதுவிலக்கு கொண்டு வந்தது பெரும்பாலும் முற்போக்கு காலத்து சீர்திருத்தக்காரங்களும் சர்ச் அமைப்புகளும் சேர்ந்து, மனுஷனை சட்டத்தாலயே திருத்தி புதுசா ஒரு சமூகம் கட்டிடலாம்ங்கற நம்பிக்கைல. ஓக்‌ஷாட் எதை ரேஷனலிசம்னு திட்டினாரோ அது தான் இது, ஒரு திட்டத்தை தலைல உருவாக்கி அதை மேல இருந்து ஊர் மேல இறக்கறது. அந்த மதுவிலக்கு 1920 ஜனவரில அமலுக்கு வந்து 1933 டிசம்பர்ல முடிஞ்சு போச்சு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படறது, சாராயத்தை நாடு முழுக்க தடை பண்ண அவங்களுக்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவைப்பட்டுச்சு. 18வது திருத்தம். மத்திய அரசுக்கு இந்த அதிகாரம் இல்லைன்னு அப்ப எல்லாருக்கும் தெரியும், அதனால நேர்மையா சாசனத்தையே திருத்தினாங்க. 1970ல கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் வந்தப்போ அப்படி எந்தத் திருத்தமும் இல்ல, மாநிலங்களுக்கு இடையில நடக்கற வணிகத்தை ஒழுங்குபடுத்தற அதிகாரத்துலயே எல்லாத்தையும் அடக்கிட்டாங்க. 2005ல உச்ச நீதிமன்றத்துல கோன்சாலஸ் எதிர் ரெய்ச் வழக்கு வந்துச்சு, கலிஃபோர்னியால மாநில சட்டம் அனுமதிச்சபடி நோயாளிங்க சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த கஞ்சா, விலைக்கு வித்ததும் இல்ல எல்லையை தாண்டினதும் இல்ல, அதையும் மத்திய அரசு தடுக்கலாமான்னு. 6க்கு 3ன்னு தடுக்கலாம்னு தீர்ப்பு. நீதிபதி ஸ்காலியா பெரும்பான்மை பக்கம், கிளாரன்ஸ் தாமஸ் எதிர்ப் பக்கம், ரென்குவிஸ்ட்டும் ஓ'கானரும் தாமஸ் கூட. தாமஸுக்கு கஞ்சா மேல ஒரு ஆசையும் கிடையாது, இதையே வணிகம்னு சொன்னா அப்புறம் மத்திய அரசுக்கு எல்லைன்னு எதுவும் மிஞ்சாதுங்கறது தான் அவர் சொன்னது. கன்சர்வேட்டிவ்னு பேர் எடுத்த நீதிபதிகளே ரெண்டா பிரிஞ்ச இடம் இது, உங்க கேள்விக்கு "ஒரே பதில்" தேடினீங்கன்னா கிடைக்காது.

ஆக சீர்திருத்தத்துக்கு கன்சர்வேட்டிவ் காரணம்னு ஒண்ணு சொல்லணும்னா நான் இப்படி சொல்வேன்: போதை நல்லதுன்னோ உரிமைன்னோ இல்ல, வாஷிங்டன்ல உக்காந்துக்கிட்டு கண்டம் முழுக்க மனுஷனோட ஆசையை ஒழிச்சிடலாம்னு நினைக்கறது பர்க் எதிர்த்த அதே வகை கர்வம். குடும்பம், சர்ச், அக்கம்பக்கம், டாக்டர் இவங்க பண்ண வேண்டிய வேலையை போலீஸ் கைல குடுத்து, அந்த சின்னச் சின்ன அமைப்புகளை எல்லாம் சும்மா உக்கார வச்சிட்டோம்.

சும்மாஒருத்தி

சட்டப்பிரியன் சார் எழுதினது படிக்க நல்லா இருக்கு, ஆனா பாதிக் கதை.

தடை பொறந்த கதையோட நின்னுட்டீங்க பாருங்க. தடை புதுசா வந்தப்போ அது கர்வமா இருந்திருக்கலாம், சரி. ஆனா அம்பது அறுபது வருஷம் ஆன பிறகு அதைச் சுத்தி பழக்கவழக்கம் எல்லாம் வளர்ந்துருச்சு, அது இப்ப தானே இருக்கற ஒழுங்கு? எழுத்தாளர் செஸ்டர்டன் சொன்ன வேலி ஞாபகம் இருக்குல்ல, எதுக்கு போட்டதுன்னு தெரியாதவன் அதைப் பிடுங்கக் கூடாது. வேலியைப் போட்டவன் திமிர் புடிச்சவனா இருந்தாலும் இன்னிக்கு அது எதையோ தடுத்துக்கிட்டு தான் நிக்குது.

அரசியல் அறிஞர் ஜேம்ஸ் க்யூ வில்சனை யாரும் இன்னும் இழுக்காதது ஆச்சரியமா இருக்கு. 1990ல காமென்டரி பத்திரிகைல அவர் எழுதின கட்டுரை தான் தடை வேணும்ங்கற பக்கத்தோட உருப்படியான வாதம். நிக்சன் காலத்துல போதைப்பொருள் தடுப்பு ஆலோசனைக் குழுவுக்கு தலைமை தாங்கினவர், சும்மா எழுதறவர் இல்ல. 1972ல ஃப்ரீட்மன் பேச்சைக் கேட்டு ஹெராயினை சட்டபூர்வம் ஆக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேக்கறாரு. தடை இருந்ததால பதினெட்டு வருஷம் கழிச்சும் ஹெராயின் அடிமைகள் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதே அளவுல நின்னுச்சு, விலை குறைஞ்சு கடைல கிடைச்சா புதுசா எத்தனை பேர் வந்திருப்பாங்கன்னு. பக்லியோட புகையிலை உதாரணத்துக்கும் அவர் கிட்டயே பதில் இருக்கு, நிகோடின் ஒருத்தனோட பழக்கத்தை மாத்தும், கொக்கெய்ன் அவனோட ஆன்மாவையே மாத்தும்னாரு.

எனக்கு இது தான் விஷயத்தோட மையம். கன்சர்வேட்டிவ் சிந்தனை முழுக்க எதை நம்பி நிக்குது? கட்டுப்பாடு உள்ள மனுஷன், குடுத்த வாக்கைக் காப்பாத்தறவன், பிள்ளையை வளர்க்கறவன். பக்கத்து வீட்டுக்காரங்க, குடும்பம் எல்லாம் அவனை வச்சு தானே ஓடுது. கடுமையான போதை அந்த ஆளையே தின்னுடுது. அப்ப "சமூகமே பாத்துக்கும், அரசு விலகிக்கட்டும்"னா எந்த சமூகம் பாத்துக்கும்? பாத்துக்க வேண்டியவனே படுத்துக் கிடக்கறான்.

சட்டம் தண்டிக்கறதோட நிக்கறதில்ல, இது அசிங்கம்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கவும் செய்யுது. சட்டம் வாயை மூடிக்கிட்டா அடுத்த தலைமுறைக்கு யார் சொல்றது. பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பீட்டர் ஹிச்சன்ஸ் இங்கிலாந்தைப் பத்தி இன்னும் ஒரு படி மேல போய், 1971 சட்டத்துக்கு அப்புறம் போதைக்கு எதிரா போர்னு ஒண்ணு நடக்கவே இல்ல, உபயோகிக்கறவனை விட்டுட்டு விக்கறவனை மட்டும் துரத்தினாங்க, நடக்காத போர்ல எப்படி தோப்பீங்கன்னு கேக்கறாரு. அவரோட முடிவு எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல, ஆனா கேள்வி சரியான கேள்வி.

கடைசிவரிசை

ரெண்டு பேரும் அழகா பேசறீங்க, ஆனா ஒண்ணு கேக்கறேன். கிராக்குக்கும் பவுடருக்கும் 100க்கு 1ன்னு வச்சப்போ இந்த ஆன்மா, சமூகம் எல்லாம் எங்க போச்சு? உள்ள போனது பெரும்பாலும் கருப்பின மக்கள். 2010ல தான் 18க்கு 1 ஆச்சு, அப்பவும் சமம் இல்ல. வெள்ளைக்கார ஊர்ல வலி மாத்திரைல ஆரம்பிச்சு சாவு விழ ஆரம்பிச்ச உடனே எல்லாருக்கும் திடீர்னு கருணை வந்து "இது ஒரு நோய்"னு பேச ஆரம்பிச்சாங்க. தத்துவம்னு நீங்க சொல்றது பாதி நேரம் யார் வீட்டுப் பிள்ளைங்கறது தான்.

சும்மாஒருத்தி

கடைசிவரிசை, அந்த 100க்கு 1ஐ நான் ஆதரிக்கல, ஆதரிக்கவும் முடியாது. ரெண்டும் ஒரே மருந்தோட ரெண்டு வடிவம், அவசரத்துல ஒரு தேர்தல் வருஷத்துல எழுதின எண். விவேகம்னு கிர்க் சொல்றதுக்கு நேர் எதிர் அது. ஆனா தப்பா ஒரு தண்டனை இருந்ததால தண்டனையே தப்புன்னு ஆயிடாது.

பழையபேப்பர்

எல்லாருக்கும் நன்றி, இப்ப தான் எங்க மாட்டினேன்னு எனக்கே புரியுது. சும்மாஒருத்தி சொல்ற வேலி வாதமும் சட்டப்பிரியன் சொல்ற கர்வ வாதமும் ரெண்டுமே பர்க் கிட்ட இருந்து தான் வருது, அதான் பிரச்சினை. சரி நடைமுறைல பாத்தா? போர்ச்சுகல் ஜெயிச்சுது, அமெரிக்கால ஓரிகான் மாநிலம் தோத்துதுன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க, ரெண்டுமே தனிநபர் உபயோகத்தை குற்றம் இல்லன்னு ஆக்கினது தானே? கன்சர்வேட்டிவ் கண்ணுல அதுக்கு என்ன வித்தியாசம்?

ஒத்தையடிப்பாதை

இவ்ளோ நேரம் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இந்தக் கேள்விக்கு எழுதியே ஆகணும்.

போர்ச்சுகல்ல 2001 ஜூலைல வந்த சட்டம் "எப்படியோ போங்க"ன்னு சொன்ன சட்டம் இல்ல. அதுல பத்து நாள் உபயோகத்துக்கு மேல இருந்தா குற்றம்னு வச்சிருந்தாங்க, விக்கறது எப்பவும் குற்றம். கம்மியா வச்சிருந்து மாட்டினா சுகாதாரத் துறைக்கு கீழ இருக்கற ஒரு குழு முன்னாடி போய் நிக்கணும், சட்டம் தெரிஞ்சவர், டாக்டரோ சைக்காலஜிஸ்டோ, சமூக சேவகர்னு உக்காந்து உன் கதை என்னன்னு கேப்பாங்க, சிகிச்சைக்கு அனுப்புவாங்க, தேவைப்பட்டா அபராதம் மாதிரி ஏதாவது போடுவாங்க. கோர்ட் போச்சு, ஆனா முன்னாடி போய் நிக்கற கட்டாயம் போகல. பெரியவங்க கூப்பிட்டு கேக்கற முறையை அரசாங்கமே ஏற்பாடு பண்ண மாதிரி.

ஓரிகான்ல 2020 நவம்பர்ல ஓட்டு போட்டு 58 சதவீதத்துல மெஷர் 110ங்கற சட்டம் ஜெயிச்சது. கொஞ்சமா வச்சிருந்து மாட்டினா 100 டாலர் டிக்கெட், ஒரு ஹாட்லைனுக்கு போன் பண்ணா அதுவும் ரத்து. போன் பண்ணது ரொம்ப கொஞ்சம் பேர், டிக்கெட்டை கட்டலைன்னாலும் ஒண்ணும் ஆகல. சிகிச்சைக்கு ஒதுக்கின பணம் போய் சேர்றதுக்குள்ள சட்டம் அமலாகிருச்சு, அதே நேரத்துல ஹெராயினை விட பல மடங்கு வீரியமான செயற்கை சரக்கு ஃபென்டனைலும் வந்து இறங்கிச்சு. 2024ல மாநில சட்டசபையே அதைத் திருப்பிருச்சு, செப்டம்பர் 1ல இருந்து மறுபடி குற்றம். ஃபென்டனைல் எவ்ளோ காரணம், சட்டம் எவ்ளோ காரணம்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு தான் இருக்காங்க, அதுக்குள்ள நான் போகல. சட்டத்தோட வடிவத்தை மட்டும் பாருங்க, பழைய அமைப்பை எடுத்துட்டாங்க, அந்த இடத்துல நிக்க வேண்டிய அமைப்பு இன்னும் பொறக்கவே இல்ல. இது சும்மாஒருத்தி பயந்த அதே விஷயம் தான்.

ஆனா எனக்கு இந்த ரெண்டையும் விட சுவிட்சர்லாந்து தான் சரியான உதாரணம்னு தோணுது, யாரும் பேச மாட்டேங்கறாங்க. சூரிக்ல ரயில் ஸ்டேஷன் பின்னாடி பிளாட்ஸ்பிட்ஸ்னு ஒரு பூங்கா, எண்பதுகள் கடைசில அங்க பட்டப்பகல்ல ஆயிரக்கணக்குல ஆளுங்க ஊசி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கண்ணு முன்னாடி சாவாங்க. 1992 பிப்ரவரில பூங்காவை மூடினாங்க, கூட்டம் அப்படியே பக்கத்துல லெட்டன் ஸ்டேஷனுக்கு போச்சு. வெறும் போலீஸ் மட்டும் வச்சு முடியாதுன்னு அப்ப தான் உறைச்சுது. 1994ல இருந்து ஒரு சோதனை, வேற எந்த சிகிச்சைக்கும் மசியாத பழைய அடிமைகளுக்கு மட்டும், கிளினிக்ல, நர்ஸ் பாக்க, டாக்டர் எழுதிக் குடுத்த ஹெராயின். வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. 1995ல லெட்டனையும் மூடினாங்க, இந்த தடவை கூட்டம் வேற இடத்துல அப்படி கூடல, ஏன்னா போறதுக்கு கிளினிக்கும், ஹெராயினுக்கு பதிலா டாக்டர் குடுக்கற மருந்தான மெத்தடோனும், தங்க இடமும் இருந்துச்சு, போலீஸும் இருந்துச்சு.

இப்ப ஓக்‌ஷாட் 1956ல கன்சர்வேட்டிவா இருக்கறதுன்னா என்னன்னு சொன்னதை பக்கத்துல வச்சுப் பாருங்க: குறிப்பிட்ட ஒரு கோளாறை சரிபண்ண வர்ற மாற்றம், சின்னதா, மெதுவா, நடுநடுவுல நின்னு விளைவைப் பாத்துக்கிட்டு. சுவிஸ்காரங்க பண்ணது எழுத்துக்கு எழுத்து அது தான். பதினாலு வருஷம் பாத்துட்டு 2008 நவம்பர்ல மக்கள் கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, 68 சதவீதம் பேர் ஹெராயின் சிகிச்சையை நிரந்தரமாக்க ஓகே சொன்னாங்க. அதே நாள்ல கஞ்சாவை அனுமதிக்கலாமான்னு இன்னொரு கேள்வி, அதை 63 சதவீதம் பேர் தூக்கிப் போட்டாங்க. எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம், ஒரே ஜனங்க, ஒரே நாள், ஹெராயினுக்கு சரி கஞ்சாவுக்கு இல்ல. கொள்கை வெறியன் எவனும் இப்படி ஓட்டு போட மாட்டான். அவங்க உரிமைக்கு ஓட்டு போடல, ஊர் தெரு அமைதியா இருக்கணும்னு போட்டாங்க.

ராத்திரிவண்டி

அருமை. இதோட டெக்சாஸையும் சேத்துக்கோங்க. 2007ல இன்னும் 17,000 பேருக்கு ஜெயில் இடம் வேணும், கட்ட ஓட்ட சுமார் 200 கோடி டாலர் ஆகும்னு கணக்கு வந்துச்சு. சபாநாயகர் டாம் கிராடிக், சிறைத்துறை கமிட்டி தலைவர் ஜெர்ரி மேடன், ரெண்டு பேரும் பக்கா ரிபப்ளிகன், கிராடிக் மேடன் கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு, புது ஜெயில் கட்டாதே, கட்டுப்படியாகாது. 24.1 கோடி டாலரை சிகிச்சைக்கும் நன்னடத்தை கண்காணிப்புக்கும் போட்டாங்க, 2011ல மாநில வரலாற்றுலயே முதல் முறையா ஒரு ஜெயிலை மூடினாங்க. 2018 டிசம்பர்ல டிரம்ப் கையெழுத்து போட்ட, சிறைச் சீர்திருத்தத்துக்கான ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்துக்கு இந்த டெக்சாஸ் அனுபவம் தான் பெரிய அளவுல முன்மாதிரி.

கடைசிவரிசை

அதாவது காசு கரையறப்போ மட்டும் விவேகம் வருது :)

ராத்திரிவண்டி

வரட்டுமே ப்ரோ, எந்த வழியா வந்தா என்ன. அரசாங்கம் செலவழிக்கற காசுக்கு கணக்கு கேக்கறதும் இந்த மரபோட ஒரு பாகம் தான், பள்ளிக்கூடத்துக்கு கேட்டா ஜெயிலுக்கும் கேக்கணும்.

சும்மாஒருத்தி

சுவிஸ் உதாரணத்துக்கு நான் இறங்கி வர்றேன், அங்க வேலியைப் பிடுங்கல, ஒரு கதவு வச்சாங்க, கதவுல ஆளும் நின்னாங்க. 2015ல இண்டியானால அப்ப கவர்னரா இருந்த மைக் பென்ஸ் பண்ணதையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், போதை ஊசி போட்டுக்கறவங்க கிட்ட பழைய ஊசியை வாங்கிட்டு புது ஊசி குடுக்கறதை கொள்கையா எதிர்த்தவர், ஸ்காட் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 24,000 பேர் கூட இல்லாத இடத்துல மாத்திரையைக் கரைச்சு ஊசில ஏத்தி எச்ஐவி பரவினப்போ முதல்ல முப்பது நாளைக்குன்னு அனுமதிச்சாரு, அப்புறம் தேவைப்படற கவுண்டிகளுக்கு வழி விடற மாதிரி சட்டம். பாதிப்பு இருநூறு பேர் அளவுக்கு போய் அடங்கிச்சு. ஆனா 2021ல அதே கவுண்டி கமிஷனர்கள் 2க்கு 1ன்னு ஓட்டு போட்டு அந்தத் திட்டத்தை மூடிட்டாங்க. உள்ளூர்ல முடிவெடுக்கறது நல்லதுன்னு சட்டப்பிரியன் சார் சொன்னா இதையும் ஏத்துக்கணும், ஏத்துக்குவாரா?

சட்டப்பிரியன்

ஏத்துக்கறேன், பிடிக்கல ஆனா ஏத்துக்கறேன். வேலை செஞ்ச ஒண்ணை மூடினாங்கன்னு தான் நினைக்கறேன், அதுக்காக வாஷிங்டன்ல இருந்து உத்தரவு வரணும்னு கேக்க மாட்டேன்.

என்னோட கவலை வேற. சுவிஸ் முறை ஹெராயின் காலத்துக்கு செஞ்சது. தடை கடுமையாக ஆக சரக்கு வீரியமாகிக்கிட்டே போகும், கடத்தறவனுக்கு சின்ன பொட்டலத்துல நிறைய போதை தான் லாபம்னு ரிச்சர்ட் கோவன் 1986லயே, அதுவும் நேஷனல் ரிவ்யூல, கிராக்கை வச்சு எழுதிட்டாரு. ஃபென்டனைல் அதோட உச்சம். வில்சன் சொன்ன மாதிரி தடை விலையை ஏத்தி ஆளுங்களைத் தடுத்துச்சுன்னா, இன்னிக்கு அந்தத் தடைக்குள்ளயே மலிவா சின்னதா கொல்ற சரக்கு வந்துருச்சே, அப்ப வேலி எதைத் தடுக்குது? ஒத்தையடிப்பாதை, சும்மாஒருத்தி, ரெண்டு பேரும் இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேக்க ஆசை.

ஒத்தையடிப்பாதை

மெத்தடோன், அதே மாதிரி இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபின், ரெண்டும் ஃபென்டனைல் அடிமைக்கும் வேலை செய்யுது, டோஸ் தான் கூட தேவைப்படுது, ஆரம்பிக்கறதும் கஷ்டம். அமெரிக்கால மெத்தடோன் வேணும்னா இன்னிக்கும் தனி கிளினிக்குக்கு தான் போகணும், சாதாரண டாக்டர் அடிமைத்தனத்துக்கு எழுதிக் குடுத்து மருந்துக்கடைல வாங்க முடியாது. சுவிட்சர்லாந்துல குடும்ப டாக்டரே எழுதறாரு. இதை மாத்த யாரும் எதையும் சட்டபூர்வம் ஆக்க வேண்டியதில்ல, டாக்டர் கைல இருந்து 1914க்கு அப்புறம் பிடுங்கினதுல ஒரு துண்டை திருப்பிக் குடுத்தா போதும். நான் அங்க இருந்து தான் ஆரம்பிப்பேன்.

சும்மாஒருத்தி

டாக்டர்னு சொல்றீங்க, இந்த வலி மாத்திரை கூத்தே 1996ல ஆக்சிகான்டின் வந்தப்புறம் டாக்டர் சீட்டுல தானே ஆரம்பிச்சுது? யார் எழுதலாம், யார் மேற்பார்வை, எத்தனை நாளுக்கு, இதுக்கு பதில் சொல்லுங்க, அப்புறம் நானும் உங்க பக்கம் வர்றேனான்னு பாக்கலாம்.